கடலின் சூட்டை அளந்தவளுக்கு

பாப்பா,

நேற்று உன் மதினி பரணிலிருந்து உன் பெட்டியை இறக்கினாள். மழைக்காலம் தொடங்குமுன் துணிகளுக்கு வெயில் காட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். கப்பலில் நீ போட்டிருந்த ஆரஞ்சு நிறச் சட்டை அடியில் கிடந்தது. உப்பும் டீசலும் கலந்த அந்த வாடை கூடம் முழுவதும் பரவியது. நீ போய் இரண்டு வருஷமாகியும் அது போகவில்லை. தோட்டத்துக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். உள்ளபடி சொன்னால், எனக்குப் பயமாக இருந்தது. அந்த வாடையோடு நீ வீட்டுக்குள் வரும்போதெல்லாம் கெட்ட செய்தி ஒன்றும் கூடவே வரும்.

கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவள் நீ. நீச்சல்கூடத் தெரியாது. கடல் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று நான்தான் அதிகம் சிரித்தேன்.

"சுத்தி எங்க பாத்தாலும் மலை. நமக்கும் கடலுக்கும் என்னாத்தா சம்பந்தம்?"

"நம்ம தோட்டத்துல பெய்யிற மழை எங்கிட்டிருந்து வருதுன்னு நெனைக்கிற? அங்கனருந்துதேண்ணே."

அதன் பிறகு பல வருஷம் எனக்கு அந்தப் பேச்சு மறந்தே போனது. நீ கொச்சியில் வேலைக்குச் சேர்ந்தாய், கப்பல் ஏறினாய், லீவுக்கு வந்து போனாய். ஒரு தடவை மட்டும் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாய், ஒரு வாய்கூட எடுக்கவில்லை. என்ன என்று கேட்டேன். கம்பியில் ஒரு கருவியைக் கட்டிக் கடலின் ஆழத்துக்கு இறக்குவீர்களாம். கீழே போகப் போகத் தண்ணீர் குளிர வேண்டுமாம். அந்தப் பயணத்தில், குளிர்ந்திருக்க வேண்டிய ஆழத்திலும் சூடு இருந்ததாம்.

"கருவி கெட்டுப்போச்சுன்னு நெனச்சோம். மூணு தடவ எறக்குனோம். கெட்டுப்போயிருக்கணும்னு நான் சாமியெல்லாம் கும்புட்டேன். அது நல்லாத்தேன் இருந்துச்சு."

"சரி, கடல் சூடானா ஆகட்டும். நமக்கென்ன?"

"பொகையால பூமியில கூடுற சூட்டுல பெரும்பங்க கடலுதேன் வாங்கி வச்சுக்கிருது. வாங்குனது அங்கனயே கெடக்காதுண்ணே. மேகமா எந்திரிச்சு நம்ம மலைக்குத்தேன் வரும்."

"நீங்க அளந்து பாத்தாச் சூடு கொறஞ்சிருமா?"

"கொறையாது. எப்ப, எங்கன கொட்டும்னு தெரிஞ்சா ஆளுகள நகத்தலாம். பொகையக் கொறைங்கன்னு சொல்றவுக கையில ஒரு ஆதாரமும் இருக்கும்." சொல்லிவிட்டு, பிசைந்த சோற்றை அப்படியே வைத்து எழுந்துவிட்டாய். படித்தவளே இப்படிப் பயந்தால் நான் என்ன செய்வேன் என்று அன்று தோன்றியது.

முதல் தடவை நீ போனில் எச்சரித்தபோது பழம் முக்கால் பதத்தில் இருந்தது. பெருமழை வரலாம், பழம் வெடித்துவிடும், ஓடையை ஒட்டியிருக்கும் வீடுகளையும் காலி பண்ணச் சொல் என்றாய். கேட்டேன். குலைகளைப் புளிப்போடு வெட்டினோம். நம் தோட்டத்தில் வேலை செய்யும் மாரியம்மாளும் அவள் வீட்டுக்காரர் பெருமாளும் மற்ற மூன்று குடும்பங்களும் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. வியாபாரி ஒரு பழத்தை வாயில் போட்டுத் துப்பினார். டீக்கடையில், "தங்கச்சி இன்னைக்கு என்ன சொல்லுது? கொடை எடுக்கவா?" என்று கேட்டார்கள். உனக்கு போன் போட்டுக் கத்தினேன். மழை கடலுக்குள்ளேயே கொட்டிவிட்டது என்று மட்டும் சொன்னாய்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் உன் இரண்டாவது அழைப்பு வந்தது. காலை ஏழு மணி.

"அண்ணே, போன தடவ தப்பாப் போச்சு. இந்தத் தடவையும் எனக்கு உறுதியில்ல. ஆனா கடல் இருக்குற நெலமையப் பாத்தா எனக்குக் கையுங்காலும் ஓடல. ஓடைப் பக்கம் ஆளுக இருக்க வேணாம். ஒடனே போ."

போகிறேன் என்றேன்.

பாப்பா, இதுவரை உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நான் உடனே போகவில்லை. வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. டீக்கடைச் சிரிப்பு காதில் கேட்டது. இட்லி சாப்பிட்டேன். மோட்டாரைப் பார்த்தேன். பத்து மணிக்கு மேற்கே மலை மறைய ஆரம்பித்தது. அப்போதும் பார்ப்போமே என்று இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மலை இருந்த இடமே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் ஓடைப் பக்கத்து வீடுகளுக்கு ஓடினேன்.

"போன தடவையும் இப்புடித்தேன் சொன்னீக," என்றார் பெருமாள். மாரியம்மாள்தான் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். பெண்களையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது மழை பிடித்துக்கொண்டது. எண்ணிப் பார்த்தோம். பெருமாளைக் காணவில்லை. கட்டிப் போட்டிருந்த ஆடுகளை அவிழ்க்கத் திரும்பிப் போயிருந்தார்.

நானும் இன்னும் இரண்டு பேரும் தோட்டத்தின் மேட்டுக்கு ஓடினோம். ஓடை வந்த சத்தம் தண்ணீர்ச் சத்தமாகவே இல்லை. கல்லோடு கல் மோதுகிற சத்தம். கீழ்ப் பந்தல் முழுவதும் செம்மண் குழம்பு புரண்டுகொண்டிருந்தது. அதன் நடுவில் பெருமாள், பந்தல் கல்தூண் ஒன்றைக் கட்டிப்பிடித்திருந்தார். கழுத்து மட்டும் தெரிந்தது. பக்கத்துத் தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் ரூமிலிருந்து கயிறு கொண்டுவந்து, நான்கு முறை வீசியும் எட்டவில்லை, ஐந்தாவது முறைதான் அவர் கையில் அகப்பட்டது. இழுத்துப் போட்டபோது அவர் நெஞ்சுத்தோல் உரிந்திருந்தது. நாங்கள் ஏறிவந்த பிறகு அந்தத் தூணும் போனது. அவர்கள் வீடுகள் இருந்த இடத்தில் மறுநாள் பாறைகள்தான் கிடந்தன.

நீ வந்து பார்த்தாய். பெருமாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "போன் பண்ண ஒடனே எங்கண்ணன் எல்லாரையும் கெளப்பிருச்சு" என்று உன்னோடு வேலை செய்பவர்களிடம் சொன்னாய். கூட்டங்களில்கூட அதைச் சொன்னதாக என்னிடமே சொன்னாய். நான் தலையாட்டினேன். பெருமாளாலும் என்னைக் காட்டிக்கொடுக்க முடியாது. அவருக்கு ஏழு மணி அழைப்பு தெரியாது.

பிறகு உனக்கு நோய் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ தெளிவாகப் பேசிய சாயங்காலம், அந்த நாளைத்தான் கேட்டாய்.

"ஒடனே போயிட்டேல்லண்ணே? அஞ்சு மணி நேரம் கெடச்சுச்சுல்ல?"

"ஆமாத்தா. ஒடனே போயிட்டேன்."

உன் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் மறக்க முடியவில்லை. கடலில் கழித்த வருஷங்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஐந்து மணி நேரம் போதும் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாய். அந்த ஐந்து மணி நேரத்தைத்தான் நான் இட்லி தின்று தொலைத்திருந்தேன்.

இப்போது எச்சரிக்கையெல்லாம் செல்போனுக்கே வருகிறது. வந்ததும் புறப்படுகிறேன். இந்த வருஷம் மூன்று தடவை ஆட்களைக் கிளப்பினேன். மூன்று தடவையும் தூறலோடு போயிற்று. டீக்கடையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் வெயில் அடிக்கும் நாளில்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. பந்தலுக்குக் கீழே நின்று மேற்கே பார்க்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் என்ன எழும்பிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல நீ இல்லை.

உன் அஸ்தியை ராமேஸ்வரத்துக்கு நான்தான் கொண்டுபோனேன். இந்த வயதில் அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். முழங்கால் வரை இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. கடல் எப்போதும் இப்படித்தான் இருக்குமா, நீ பயந்த சூடு இதுதானா, எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "இப்பல்லாம் இப்படித்தான் இருக்கு" என்றார்.

இப்பல்லாம் என்றால் எப்போதிலிருந்து என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அஸ்திச் சட்டியைக் கவிழ்க்காமல் வெகுநேரம் நின்றேன். உன்னை அந்தச் சூட்டில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை, பாப்பா. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். கவிழ்த்துவிட்டுக் கரையேறினேன். இரண்டு வருஷமாகியும் என் கால்களில் அந்த வெதுவெதுப்பு ஆறவில்லை.