ஜன்னலை மறைக்கும் அலமாரி

வியாழக்கிழமை, பகல் மூன்று மணி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்காலையும் என் தூக்கத்தையும் விட்டுவிட்டுப் பார்த்தால் இங்கே நாங்கள் இருவரும் சுகமாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டே தொடங்குகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறாள், இந்த விஷயமோ அவள் காதில் விழக்கூடாதது. ஆகவே தாளில் எழுதிப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு, படங்களை அழித்துவிடப் போகிறேன். நீயும் பதிலைப் போனில் எழுதிவிடாதே, என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். இப்போது முழங்கால் பயிற்சிக்குப் போயிருக்கிறாள், வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் எழுதி முடிப்பேனா என்பது சந்தேகம், எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும் என்பது உனக்குத் தெரியுமே.

ஹாலில் பதினான்கு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை ஆசாரி வந்து பழைய பலகைகளைக் கழற்றப் போவதால் சமையலறையைக் காலி செய்து, பெட்டிகளுக்கு எண் போட்டு வரிசையாக அடுக்கினேன். வரிசை ஒழுங்காகத்தான் வந்தது, ஆனால் கதவுக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் வந்துவிட்டது, இப்போது எழுந்து போக வேண்டுமானால் ஏழாம் பெட்டியைத் தலைக்குமேல் தூக்க வேண்டும். சமையல் குளியலறைக்கு வெளியே ஒரு ஸ்டூலின் மேல் நடக்கிறது. நீ அனுப்பிய படங்களையும் கடைக்காரர்கள் சொன்னதையும் வைத்து நான் புதுச் சமையலறைக்கு அட்டவணை போட்டதும், பதினொரு குணங்களுக்கு மதிப்பெண் கொடுத்ததும் உனக்குத் தெரியும். நடுத்தரச் செலவுக்குள் எல்லாம் நடக்காது, எதை விட்டால் எது நிற்கும் என்று பார்க்க வேண்டும். உள்பெட்டிக்கு பிளைவுட், கதவு மெல்ல மூடுகிற கீல், இரண்டிலும் கை வைக்கக் கூடாது, முகப்புக்குப் பளபளப்பு வேண்டாம், சாதாரண லேமினேட் போதும், கைரேகையாவது விழாது என்று முடிவு செய்தோம். கீழே கதவுக்குப் பதில் இழுப்பறைகள், அம்மா குனிய வேண்டியதில்லை. இதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது, நடந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையில் வரைபடம் போடும் பெண் அளவெடுக்க வந்த அன்று நான் முன்பே என் துணி நாடாவால் அளந்து வைத்திருந்த தாளை நீட்டினேன். அவள் ஒரு சின்னப் பெட்டியைச் சுவரில் வைத்தாள், சிவப்புப் புள்ளி ஒன்று எதிர்ச்சுவரில் விழுந்தது, அளவு வந்துவிட்டது. என் தாளோடு ஒப்பிட்டுவிட்டு, "அங்கிள், எல்லாச் சுவரும் ஒரே அளவு குறையுது, உங்க டேப்பைக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். முனை அறுந்தபோது வளையத்துக்கும் முதல் எண்ணுக்கும் நடுவில் நானே ஒரு துண்டுத் துணி ஒட்டுப்போட்டுத் தைத்த நாடா அது. ஒட்டு நான்கு விரல் அகலம். வளையத்தை ஆணியில் மாட்டி அளந்துவிட்டு அந்த ஒட்டைக் கணக்கில் சேர்க்க மறந்திருக்கிறேன். அவள் சிரித்துவிட்டு, "பரவாயில்ல அங்கிள், மெஷின் இருக்குல்ல" என்று அடுத்த சுவருக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். நான்கு விரல் என்றதும் உனக்கும் நினைவு வந்திருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உன் பெரியப்பா நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்துப் பக்கம் குளியலறைச் சுவர் எழுப்பியபோது, யாரும் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்போதே ஒட்டுப்போட்டிருந்த இதே நாடாவால் சந்தை அளந்து, சுவர் நான்கு விரல் நம் பக்கம் வந்திருக்கிறது என்று சிவப்புக் கோடு போட்ட படம் வரைந்து அவரிடம் கொடுத்தேன். வழக்குக்கோ வாய்ச்சண்டைக்கோ இல்லையம்மா. நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் அடுத்தவர் எல்லையை வரைந்த கை, சும்மா இருக்க முடியவில்லை. "சும்மா தெரிஞ்சு வச்சுக்கறதுக்காகண்ணே" என்றுதான் சொன்னேன். அவர் படத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்து, "நல்லா அளந்துக்கடா. நாளைக்கு நான் செத்தா எத்தனை அடி வேணும்னு அதையும் அளந்து வச்சுக்க" என்றார். அதோடு பேச்சு நின்றது. ஒரே சந்து, நேருக்கு நேர் இரண்டு சமையலறை ஜன்னல்கள், ஒன்பது வருஷம். தப்பு அவர் சுவரில் இல்லை, என் நாடாவில் என்று இப்போது எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

இனி நீ ஆசைப்பட்ட ஓவனுக்கு வருகிறேன். அம்மா குனியாமல் கண்ணுக்கு நேராக ஓவன் இருக்க வேண்டும் என்று நீ சொன்னாய், நல்ல எண்ணம்தான், உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஏழடி உயர அலமாரிக்குள்தான் உட்காரும். ஒரு சுவரில் கதவு, ஒன்றில் தொட்டியும் குழாயும், ஒன்றில் அடுப்பும் புகைபோக்கியும். மிச்சம் ஜன்னல் சுவர்தான். ஜன்னலை அடைத்து அலமாரி நிற்பதுபோல் அந்தப் பெண் படம் போட்டுக் காட்டினாள். "சிம்னி இருக்கு, லைட் இருக்கு, ஜன்னல் எதுக்கு அங்கிள்" என்றாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, புள்ள ஆசைப்படுது" என்றாள். ஒரு கரண்டி வாங்கக்கூட மூன்று கடை ஏறி இறங்குகிறவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்றது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா பயிற்சிக்குப் போயிருந்தபோது பாத்திரக் கணக்கு எடுத்தேன். எத்தனை இழுப்பறை, எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்யப் பட்டியல் வேண்டுமென்று கடையில் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அளந்து எழுதினேன், நாடாவால் இல்லை, ஸ்கேலால். நம்முடையவை அல்லாத ஏழு டப்பாக்கள் இருந்தன. அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. இரண்டு வீடும் ஒன்றாக இருந்த காலத்தில் கொடுத்த டப்பா திரும்பி வருவதற்காகப் பெரியம்மா அப்படித்தான் அடையாளம் வைப்பாள். பழைய டப்பாவாக இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் இரண்டு டப்பாக்களில் வாங்கிய கடையின் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது, அந்தக் கடை திறந்தே மூன்று வருஷம்தான் ஆகிறது. பிறகு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கை விட்டேன். உன் பழைய பேட்மின்டன் மட்டை. பல்லி விரட்ட வைத்திருக்கிறாள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். நரம்புகள் நடுவில் குழிந்து, சரியாக ஒரு டப்பா உட்காரும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ஜன்னல் விளிம்பில் பெயின்ட் ஒரே இடத்தில் தேய்ந்திருந்தது. சந்தின் அகலம் நான்கடி, மட்டையும் கையும் சேர்ந்தால் எட்டிவிடும். நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கௌரவம் பார்த்த ஒன்பது வருஷமும் இந்த இரண்டு பெண்களும் மட்டை மேல் டப்பா வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது குடித்த சூப்பை, "இன்னிக்கு உன் கைமணமே தனி" என்று பாராட்டினேன். அவள் ஏன் அப்படித் திரும்பிக்கொண்டாள் என்று இப்போதுதான் புரிகிறது.

என் நிலைமையைப் பாரம்மா. ஜன்னலை விட்டுவிடலாம் என்று நானாகச் சொன்னால், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஒன்பது வருஷம் என்னிடம் மறைத்தது வெட்கமாகிவிடும். அவளாகவும் சொல்ல முடியாது, சொன்னால் காரணம் கேட்பேன் என்று பயம். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை ஜன்னல் போய்விடும். நேற்று துணிந்து கடைக்குப் போனேன், உயர அலமாரி வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அந்தப் பெண் தண்ணீர் கொடுத்து, "சொல்லுங்க அங்கிள்" என்று சிரித்ததும் வாய் வரவில்லை. பாட்டில் வைக்க ஒரு இழுப்புத் தட்டும் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்லப் போய் இன்னொன்றையும் வாங்கிக்கொண்டு வந்தவன் உன் அப்பா. மாற்றம் இருந்தால் சனிக்கிழமை பகலுக்குள் சொல்ல வேண்டும், பிறகு பலகை வெட்டிவிடுவார்கள். ஆகவே நீ போன் செய்து, ஓவன் வேண்டாம், யோசித்துப் பார்த்தேன், ஜன்னல் இருக்கட்டும் என்று உன் யோசனையாகவே அம்மாவிடம் சொல்ல வேண்டும். வாசலில் ஆட்டோ சத்தம், நிறுத்துகிறேன்.

வெள்ளிக்கிழமை, பகல்

நேற்று எழுதியதை அனுப்பவில்லை. அம்மா என்னைப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து மீட்டெடுத்தபோது தாளைச் சட்டைக்குள் ஒளித்தேன், பிறகு தனியாக ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை. இன்று அவள் மறுபடி பயிற்சிக்குப் போனதும் காலியான சமையலறையில் போய் நின்றேன். எதிர் ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம். பெரியம்மாதான் என்று நினைத்தேன், அவளிடம் சொன்னால் பக்குவமாகப் பெரியப்பா காதில் போடுவாள் என்று ஒரு கோழைக் கணக்கு. பொட்டு வைத்த டப்பா ஒன்றை எடுத்து அதற்குள் என் நாடாவைச் சுருட்டி வைத்தேன். ஒட்டுத் துணி மேலே தெரியும்படி வைத்து, "ஒட்டைக் கணக்கில் சேர்க்காமல் அளந்துவிட்டேன். சுவர் சரியாகத்தான் இருக்கிறது. தப்பு என்னுடையது" என்று ஒரு சீட்டும் எழுதிப் போட்டேன். மட்டையில் வைத்து ஜன்னல் வழியாக நீட்டினேன். எனக்குப் பழக்கமில்லை, டப்பா நரம்புகளின் மேல் கிடுகிடுவென்று ஆடியது. அந்தப் பக்கத்திலிருந்து ஈரக் கை ஒன்று வந்தது. கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டிய கை. பெரியப்பா. கழுவிக்கொண்டிருந்தது அவர்தான். டப்பா அவர் கையில், மட்டை என் கையில், உள்ளே இழுத்துக்கொண்டு ஓடவும் தோன்றவில்லை. அவர் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். நாடாவை எடுத்து அந்த ஒட்டின்மேல் நான்கு விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பிறகு டப்பாவைத் திருப்பி அடியிலிருந்த பொட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "மூடி எங்கடா?" என்றார்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. "தேடித் தரேண்ணே" என்றேன். "உங்கண்ணிகிட்ட நான் திட்டு வாங்க முடியாது, சீக்கிரம் தேடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நாடாவைத் திருப்பித் தரவில்லை. மூடிகளையெல்லாம் நான்தான் தனியாகப் பிரித்து ஒன்பதாம் பெட்டியில் அடுக்கியிருந்தேன், அப்படி அடுக்கியதில் பெருமை வேறு. நாற்பத்தொரு மூடி இருக்கிறது, ஒன்றிலும் பொட்டு இல்லை, எது எங்கள் வீட்டுடையது, எது அவர்களுடையது என்று பிரிக்கவே முடியவில்லை. ஹால் முழுக்க மூடிகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தபோது அம்மா வந்துவிட்டாள். "என்ன தேடறீங்க?" என்றாள். மூக்குக்கண்ணாடி என்றேன். "அது உங்க மூக்குலதான் இருக்கு" என்றாள். சமையலறைக்குள் போனாள், கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் நின்றாள், வந்து ஸ்டூல் அடுப்பைப் பற்றவைத்தாள். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியமில்லை.

ஆனால் ஒன்று செய்தேன். தெருமுனை வரை போய் அங்கிருந்து கடைக்குப் போன் செய்து, உயர அலமாரி வேண்டாம், ஜன்னல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "ஏன் அங்கிள், பொண்ணு கேட்டாங்கன்னு சொன்னீங்களே" என்றாள். ஒரு மூடி திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றேன். படத்தை மாற்றி அனுப்புகிறேன் என்றாள். பாட்டில் தட்டு வேண்டாம் என்று மட்டும் இந்த முறையும் சொல்ல வரவில்லை. ஆகவே அம்மாவைப் பொறுத்தவரை இது உன் முடிவாகவே இருக்கட்டும், இன்று சாயங்காலமே போன் செய்து சொல்லிவிடு. அவள் சரி என்று சொல்லும் குரலை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளையை வண்டி மெதுவாக ஓட்டச் சொல். மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் சொல்வதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டு நீண்ட நாள் வாழ என் ஆசி. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. அடுத்த முறை வரும்போது நரம்பு தளராத நல்ல பேட்மின்டன் மட்டை ஒன்று வாங்கி வா. யாருக்கு என்று அம்மா கேட்டால் எனக்கு என்று சொல்.

உன் நன்மையே நினைத்திருக்கும்
அப்பா