ஸ்க்ரீன் நேரம்

9 ஜூன் 2025

பேத்தி ஜெமிமாவுக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. போனைக் காட்டியே ஊட்டியதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மருமகள் அபிகாயில் என் போனிலும் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தாள்.

"பகல்ல நீங்கதானே மாமா பாப்பாவப் பாத்துக்கறீங்க. கதை, பாட்டு, தூக்கம், ஸ்க்ரீன் டைம் எல்லாத்தையும் டெய்லி போட்டுடுங்க. டாக்டர் பாப்பாரு."

பள்ளியில் வருஷக்கணக்காக அட்டெண்டன்ஸ் எழுதிய கை. இதிலென்ன சிரமம்? பகலில் என் போன் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கும். பாப்பா கண்ணில் படாது.

12 ஜூன்

ஆப் செய்தவர்களைப் பாராட்ட வேண்டும். ஜெமிக்குப் பிடித்த விளையாட்டைக்கூட விடவில்லை. ஹால் கதவு ஸ்க்ரீனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். "ஜெமியக் காணோமே!" என்று நான் தேட வேண்டும். கால் இரண்டும் வெளியே தெரியும், அது வேறு விஷயம். எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த விளையாட்டுதான் போலிருக்கிறது. இன்று ஒரு மணி நேரம். பதிந்துவிட்டேன்.

19 ஜூன்

"ணோம்!"

ஸ்க்ரீனுக்குள்ளிருந்து அவளே சொன்னாள்!

இரவு மகன் பிரிட்டோவிடம் சொன்னேன். அவன் ஒரு கையில் சோற்றுக் கிண்ணம், மறு கையில் போன். அதைப் பார்த்துக்கொண்டே மகள் வாயைத் திறக்கிறாள். "அது சும்மா சத்தம்ப்பா" என்றான்.

இருக்கட்டும். இன்று இரண்டு மணி நேரம் விளையாடினோம்.

2 ஜூலை

மாத ரிப்போர்ட் வந்தது. முழுக்கச் சிவப்பு. என் பெயருக்கு நேராக.

"டெய்லி ரெண்டு மணி நேரமா மாமா?" என்றாள் அபி.

எனக்குப் பெருமை. "ஆமாம்மா, அவளுக்கு அதுன்னா உசுரு."

அவள் முகம் ஏன் அப்படிப் போனது?

3 ஜூலை

மறைமலை நகர் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் பிரிட்டோ விளக்கினான். ஸ்க்ரீன் என்றால் போன், டிவி. நான் கதவுத் துணியைப் பிடித்துக் காட்டினேன். "இத இந்த வீட்ல ஸ்க்ரீன்னுதானேடா சொல்றோம்?"

சிரித்தான். "ஒரு வாத்தியாருக்கு இது தெரியாதுன்னா யாருப்பா நம்புவாங்க?"

அபி சிரிக்கவில்லை. "நேத்து ஆமான்னு சொன்னீங்களே மாமா. இன்னிக்குக் கதைய மாத்தறீங்க."

கேள்வித்தாளில் பிழை இருந்தால், அந்தக் கேள்வியைத் தொட்ட எல்லாருக்கும் முழு மதிப்பெண் போடுவோம். என்னை மட்டும் காப்பியடித்தவனைப் போல வெளியே நிறுத்திவிட்டார்கள்.

7 ஜூலை

ஜெமி இன்று முதல் ப்ளே ஸ்கூல். முழு நாளும். வேன் ஜன்னலில் கையை வைத்து அழுதாள்.

15 ஜூலை

மழை. வேன் வராது என்றார்கள், நானே குடையோடு போனேன். சுவரில் கதவளவு டிவி. பிள்ளைகள் வரிசையாக, வாயைப் பிளந்தபடி. நான் கூப்பிட்டும் ஜெமி திரும்பவில்லை.

ஆயா தனம் சொன்னாள்: "போனெல்லாம் குடுக்கவே மாட்டோம் சார். டிவிதான். எப்டி அமைதியா கீதுங்க பாருங்க!"

அபியிடம் சொன்னேன். "ஸ்கூல்ல போடறது எஜுகேஷனல் மாமா" என்றாள். ஆப்பில் பச்சை.

யாரிடம் சொல்ல?

20 ஜூலை

ஞாயிறு. ஒளிந்து விளையாடக் கூப்பிட்டேன். வரவில்லை.

27 ஜூலை

சர்ச்சிலிருந்து வந்ததும் அபி வீட்டைச் சுத்தம் செய்தாள். ஹாலிலிருந்து குரல்: "மாமா, இந்த ஸ்க்ரீன் எவ்ளோ அழுக்கா இருக்கு, தோய்க்கப் போடவா?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கீழே, ஜெமியின் உயரத்தில், பிஸ்கெட் கை பட்ட கறை. என்னைப் பார்த்தாள். நான் பேப்பரை விரித்துக்கொண்டேன். துணியை உருவிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெமி வந்தாள். வெறும் கதவு நிலையைத் தடவினாள். என் பக்கம் திரும்பினாள்.

"காணோம்."

முழுச்சொல். அபியும் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, 'புதிய சொல்' என்ற இடத்தில் அதை ஏற்றினாள். எங்கே கற்றது என்று அதில் கேட்டிருக்குமா, தெரியவில்லை.

நாளைக்கும் வேன் வரும்.