எதிர் வீட்டுக் கொக்கி

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

நாங்கள் நலம். பாப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. எனக்குத்தான் கால் இரண்டும் கெஞ்சுகின்றன. பேக்கிங் பிரிவில் ஆண்டுக் கடைசி ஆர்டர்கள் குவிந்து கிடக்கின்றன. நாள் முழுக்க நின்றபடியே வேலை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் சோறு வடிக்கக்கூட எழ மனமில்லை.

விளக்குத் திருவிழாவுக்காகத் தெருவில் சரம் கட்டும் வேலை முடிந்துவிட்டது, நம் வீட்டைத் தவிர. நம் பால்கனியிலிருந்து போகும் சரத்தை எதிர் வீட்டுக் கொக்கியில் அந்த வீட்டு ஆள்தான் முடிச்சுப் போட வேண்டும், வெளியாள் கை படக் கூடாது. இந்த ஊர் வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடையை விற்ற விவகாரத்தில் நீங்களும் எதிர் வீட்டில் இருக்கும் உங்கள் அண்ணனும் பேச்சை நிறுத்திய பிறகும், முகத்தைத் திருப்பிக்கொண்டாவது அவர் வருஷா வருஷம் கட்டிவிடுவார். இந்த முறை வெள்ளையடிக்க வந்தவரிடம் சொல்லிக் கொக்கியையே கழற்ற வைத்துவிட்டார்.

விளக்குக் குழுத் தலைவரான தையல்காரர் வந்து, "ஊரே வந்து பாக்கற தெரும்மா, நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்கு" என்று புலம்பினார். உங்கள் அண்ணனிடம் கேட்டதற்கு, "மனசு வரல, போய்யா" என்றாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்து அல்லாடுவது நான்தானே. கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் உங்களையும் சேர்த்தே திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை நேரே போய்ச் சண்டை போட்டேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உங்கள் அண்ணிதான் என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னார். உங்கள் அண்ணனுக்கு வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. மழைக்காலத்தில் லேசாகப் பக்கவாதம் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிடந்ததை வெளியூர்ப் பயணம் என்று சொல்லி மறைத்திருக்கிறார்கள். "கொக்கிய மாட்டி நான் கட்டறேன்னு போனா ஸ்டூலைத் தூக்கி ஒளிச்சு வெக்கறார். தம்பிக்குத் தெரியக் கூடாதாம்" என்று சொல்லி அழுதார். கை எழவில்லை என்பதைவிட மனசு வரவில்லை என்று சொல்வது அவருக்குக் கௌரவமாக இருக்கிறது.

உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று அண்ணியிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பாவம் வந்தால் வரட்டும். இதையும் நானே தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

அது நீங்கள் பிறந்த வீடு. அவருக்கு அடுத்து அந்த முடிச்சைப் போடும் உரிமை உங்களுக்குத்தான். விளக்கு ஏற்றுவதற்குள் எப்படியாவது லீவு கேளுங்கள். சமாதானம் பேச வேண்டாம். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டாம். கோபமாகவே வாருங்கள். "நீ கட்டலேன்னா நான் கட்டறேன்" என்று அவர் வாசலில் நின்று கத்துங்கள். உங்களைத் திட்டிக்கொண்டே கதவைத் திறப்பார்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா