மலைப்படமும் நான்கு எண்களும்

6 ஒக்ரோபர் 2024, ஞாயிறு

என் கையெழுத்து கோணல்தான். வரி மேலே ஏறிப் பிறகு கீழே இறங்குகிறது. ‘ழ’ ஒவ்வொரு தடவையும் வேறு உருவத்தில் வருகிறது. பின்னொரு நாள் நானே இதைத் திறந்து பார்த்தால் கோபிக்கக் கூடாது. எழுபத்தோராவது வயதில் பேனை பிடித்த கை இது. இவ்வளவு எழுதுவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிட்டது. ஆறட்டும். நான், இரத்தினவேல், எழுதிக்கொண்டிருக்கிறேன்!

நூலக வகுப்பில் மேரின் ரீச்சர் ஒரு வேலை தந்திருக்கிறா. கண்ணில் படும் எழுத்தையெல்லாம் பார்த்து இந்தக் கொப்பியில் எழுதிக்கொண்டு வரவேண்டும். தமிழோ நோர்வே எழுத்தோ, எதுவானாலும் சரி.

8 ஒக்ரோபர்

பால் பெட்டியில் ‘மெல்க்’ என்று இருக்கிறது. முப்பத்தாறு வருஷம் குடித்த பிறகு இன்றைக்குத்தான் வாசித்தேன். மனைவி யோகம், “இப்ப குடிச்சுப் பாருங்கோ, ருசி மாறியிருக்கும்” என்றாள்.

9 ஒக்ரோபர்

லிஃப்ட், படிக்கட்டுக் கதவு, நான்கு குப்பைத் தொட்டிகள். எல்லாவற்றிலும் எழுத்து. இத்தனை காலமும் எல்லாம் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

12 ஒக்ரோபர், சனி

இன்று எழுத்துத் தேடிக் கட்டடத்தின் கீழறைக்குப் போனேன். பனிக்காலம் முடிய எங்கள் காரிலிருந்து கழற்றிய குளிர்கால ரயர் நான்கும் அங்கேதான் கிடக்கின்றன. ரயரில் இவ்வளவு எழுத்தா! வட்டமாகச் சுற்றிச் சுற்றி. முழங்காலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்து எழுதினேன். மலைப்படம் மட்டும் எனக்குப் பழக்கம். மூன்று முனை மலை, நடுவில் பனிப்பூ. “அந்தப் படம் இருந்தால் பனிக்கு நல்ல ரயர், உனக்கு எழுத்துத் தேவையில்லை” என்று என் கூட்டாளி குலேந்திரன் எப்போதோ சொல்லித் தந்தவன். ஒவ்வொரு ரயரிலும் அந்தப் படத்தை மட்டும் தேடிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வேன்.

ரயர் மாற்றுவது எங்கள் ஆட்களுக்கு எப்போதும் குலேந்திரனின் வேலை. கடைக்கு ஏன் போவான், நம்மடை ஆள் இருக்கேக்கை என்பார்கள். இந்த நான்கையும் சென்ற கார்த்திகையில் அவன்தான் கொண்டுவந்து பூட்டினான். புத்தம் புதிது என்றான்.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது மேல்மாடி அஷ்வின் தன் ரயரை எடுக்க வந்தார். தமிழ்நாட்டுப் பிள்ளை, கம்பியூட்டர் வேலை. கொப்பியை வாங்கிப் பார்த்தவர் கடைசி நான்கு எண்ணில் விரலை வைத்தார். 3411.

“அங்கிள், இது செஞ்ச தேதி. 2011, முப்பத்தி நாலாவது வாரம். பதிமூணு வருஷம் ஆச்சு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ரப்பரில் நகத்தை அழுத்திக் காட்டினார். நகம் இறங்கவில்லை. “பள்ளமெல்லாம் நல்லா இருக்கு, ஆனா ரப்பர் கல்லாயிடுச்சு. ஐஸ்ல புடிக்காது.”

மற்ற மூன்றையும் புரட்டினேன். 3411. 3411. 3411.

13 ஒக்ரோபர்

கல்லிலை. கல்லாய்ப் போன ரயரிலையெல்லோ யோகத்தை ஏத்திக்கொண்டு போனனான்.

14 ஒக்ரோபர்

மாசி மாதம் நடந்ததை எழுதிவிட வேண்டும். இதுவரை எழுதத் துணியவில்லை.

ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிவிட்டுத் திரும்பினோம். வீட்டுக்குப் பக்கத்து இறக்கம். பிரேக் அழுத்தினேன். கார் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போய்ப் பனிக்குவியலில் இடித்தது. யோகத்தின் இடது மணிக்கட்டு முறிந்தது. காரை இழுத்துப் போக வந்தவன் குலேந்திரன். அவன் குனிந்து ஒரு ரயரைத் தடவிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரிக்கும் வந்தான். என் மகளிடம், எனக்குக் கேட்கத்தான் சொன்னான்:

“உதயா, அப்பாவுக்கு வயசு போட்டுது. கார்த் திறப்பை வாங்கி வையும்.”

உதயகுமாரி வாங்கி வைத்தாள். காரும் எட்டு மாதமாக நிற்கிறது, விற்கப் போகிறாளாம். யோகம் என்னைக் குற்றம் சொன்னதே இல்லை. ஆனால் கடைக்குப் பஸ்ஸில் போகிறாள். நான் என் காலைத்தான் நம்பாமல் விட்டேன். பிரேக்கைப் பிந்தி அழுத்தினேனோ, கண் மங்கியதோ என்று எட்டு மாதம்.

தடவிப் பார்த்தவனுக்கு அப்போதே தெரிந்திருக்குமா?

16 ஒக்ரோபர்

குலேந்திரன் வீட்டுக்குப் போய்வந்தேன். தனி மனிதன், தேத்தண்ணீர் அவனே போட்டான். எனக்கு இரண்டு கரண்டி சீனி, கேட்காமலே. இந்த நாட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து என் கடிதங்களை வாசித்தவன் அவன்தான். வீதிச் சட்டப் புத்தகம் முழுவதையும் வாசித்துக் காட்டி, நான் வாயால் பதில் சொல்லி லைசென்ஸ் எடுத்ததும் அவனால்தான். எனக்கு எழுத்துத் தெரியாதென்பதை வெளியில் ஒருவருக்கும் சொல்லாதவன்.

கொப்பியை மேசையில் வைத்து எண்ணைக் காட்டினேன்.

“ஆர் உனக்குச் சொன்னது?”

“ரயரிலை இருந்து எழுதினனான்.”

“நீயோ?” பகிடி என்று நினைத்துச் சிரித்தான். பிறகு கொப்பியைப் புரட்டினான். பால் பெட்டி, குப்பைத் தொட்டி, என் கோணல் வரிகள். சிரிப்பு நின்றுவிட்டது.

“மலைப்படம் இருந்ததுதானே மச்சான். ஒருத்தரும் ஓடாத ரயர். சும்மா கிடந்தது.”

“புதுசெண்டு சொன்னனி.”

“உனக்குத் தெரியவே போகுது எண்டு...” அதோடு நிறுத்தினான்.

மாசியில் தடவிப் பார்த்தாயே, அப்போது தெரியுமா என்று கேட்டேன். கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். “யோகத்தின்ரை கை இப்ப சுகம்தானே?” என்று கேட்டான்.

எழுந்து வந்துவிட்டேன். சீனி போட்ட தேத்தண்ணீர் அப்படியே இருந்தது.

17 ஒக்ரோபர்

என்ரை எழுத்துக் குருட்டை வெளியிலை தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அவனே அதுக்குள்ளை கையை விட்டிட்டான். பழைய ரயரை மன்னிக்கலாம். வயசு போட்டுது எண்டு என்ரை பிள்ளைக்கு முன்னாலை சொன்னானே — அதை என்ன செய்யிறது?

20 ஒக்ரோபர்

யோகத்திடம் சொல்லவில்லை. தீபாவளிக்குக் குலேந்திரன் அண்ணைக்கென்று பயற்றம் பணியாரத்துக்கு மா வறுத்துக்கொண்டிருக்கிறாள். சொன்னால் அவளுக்கு ஒரு தமையன் இல்லாமல் போவான். மகளிடம் மட்டும், ரயர் பழசு, புதிது நானே வாங்கப் போகிறேன் என்றேன். திறப்பைத் தந்தாள். முகத்தில் பயம்.

2 நவம்பர், சனி

ரயர் கடை. ஆணி வைத்ததா, ஆணி இல்லாததா என்று அங்கே நின்ற பெண் கேட்டாள். நகர வீதிகளில் பனியை வழித்துவிடுகிறார்கள், ஆணி தார் வீதியை உராய்ந்து தூசி கிளப்பும், ஒஸ்லோவுக்குள் ஓட வரியும் கட்டவேண்டும், ஆணி இல்லாததே உங்களுக்குப் போதும் என்றாள். நல்ல விளக்கம். எல்லாம் விளங்கியது.

ஆனால் எங்கள் இறக்கத்தில் காலையில் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும். அதைவிட இன்னொன்று. ஆணி ரயர் ஓடும்போது கறகறவென்று சத்தம் கேட்கும். யோகத்துக்கு அந்தச் சத்தம் கேட்கவேண்டும். பிடிக்கிறது, பிடிக்கிறது என்று காதால் நம்புவாள். ஆணி என்றேன்.

மலைப்படத்தைப் பார்க்கவில்லை. முழங்காலில் இருந்து நான்கு ரயரிலும் எண்ணை வாசித்தேன். 2224. இந்த வருஷம், இருபத்திரண்டாம் கிழமை. நான்காவதை வாசித்து முடிக்கும்வரை அந்தப் பெண் பொறுமையாக நின்றாள். அவளுக்கு என் மகிழ்ச்சி விளங்கியிராது.

9 நவம்பர்

வைத்தியசாலையிலிருந்து கடிதம். யோகத்தின் கையைத் திரும்பப் பார்க்க வரச் சொல்லி. அகராதி வைத்து இரண்டு மணித்தியாலம். நானே வாசித்தேன்.

24 நவம்பர், ஞாயிறு

இரண்டு நாளாகப் பனி. யோகம் பையோடு கீழே வந்து கார்க் கதவுக்கு முன்னால் நின்றாள், திறக்கவில்லை. நான் குனிந்து ரயரில் படிந்த பனியைத் துடைத்து எண்ணைக் காட்டினேன். என்ன பொருள் என்றும் சொன்னேன். எழுத்துக் கண்டுபிடித்தவனே நான்தான் என்பதுபோல் சொல்லியிருப்பேன் போல. சிரித்துக்கொண்டு ஏறினாள். முன் இருக்கையில்தான்.

அந்த இறக்கம். பிரேக்கை அழுத்தினேன். நின்றது. கறகற. யோகத்தின் முறிந்து பொருந்திய கை மடியில் இருந்தது, எங்கேயும் பிடிக்கவில்லை. பெரிய மனுஷன்போல நிமிர்ந்து கார் ஓடினேன்.

கீழே பஸ் நிற்கும் இடத்தில் குலேந்திரன் நின்றான். தொப்பி இல்லை, தலையெல்லாம் பனி. எங்கள் காரைக் கண்டு அரைவாசி கையைத் தூக்கினான்.

“இஞ்சருங்கோ, குலேந்திரன் அண்ணை நிக்கிறார். நிப்பாட்டுங்கோ, ஏத்திக்கொண்டு போவம்.”

“இதிலை நிப்பாட்டேலாது. வழுக்கும்.”

யோகம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆணிகள் தாரைப் பிடித்துக் கறகறவென்றுகொண்டிருந்தன. அவளுக்கும் கேட்டது. குறொன்லாண்ட் வரைக்கும் நான் காரை நிறுத்தவில்லை.

ரயரைப் பற்றி இந்தக் காரில் இரண்டாவது பொய். முதலாவதை அவன் சொன்னான். இதை நான் சொன்னேன். வாற ஞாயிறு சமையல் முடிந்தபிறகு யோகத்தை இருத்தி இந்தக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து நானே வாசித்துக் காட்டப் போகிறேன். அவள் என்ன சொல்கிறாள் என்று எழுத அடுத்த பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.