அம்மாவின் மணிக்கட்டும் மோட்டார்க் கருவியும்

3-11-1997, திங்கள்

கம்பெனியில் மிஞ்சிய போன வருஷத்து டைரி இது. இதில் கிறுக்குவதற்கு யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. எழுதிவைக்கும்படி எனக்கு என்ன நடந்துவிட்டது? ஆனால் பேச வேண்டிய இடத்தில் இன்று பேசாமல் வந்துவிட்டேன். அதை எங்காவது இறக்கிவைக்க வேண்டும்.

அம்மாவை டாக்டர் பரத்வாஜிடம் காட்டினேன். பார்க்கின்சன் வந்து மூன்று வருஷம் ஆகிறது. அம்மா கொள்ளேகால் பட்டு கட்டிக்கொண்டு, அங்கே கை நடுங்கக் கூடாதென்று பஸ் ஏறும்போதே மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். "பெரிய டாக்டர் முன்னால கையை ஆட்டிக்கிட்டு உக்காந்தா மருவாதியா கண்ணு?"

டாக்டர் விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். "சென்னாகிதே! நல்லாவே இருக்கே. மாத்திரையைக் குறைச்சிடலாம்." அம்மா பெருமையாகச் சிரித்தாள். அது பஸ்ஸில் போட்ட மாத்திரையின் வேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் வீட்டில் அவளால் தண்ணீர்ச் சொம்பைப் பிடிக்க முடியவில்லை. சாயங்காலம் எனக்குத் தலை பின்னச் சீப்பை எடுத்தாள். விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் அதை அலமாரியில் வைத்துவிட்டாள். நானே வாரி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டேன்.

5-11

சொந்த ஊர் ஹனூரிலிருந்து லிங்கப்பண்ணன் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தான். "டாக்டரே நல்லாருக்குதுன்னு சொல்லிட்டாருல்ல? அம்மா உன்றகிட்ட நாடகம் ஆடுது. தை பொறந்ததும் கூட்டிட்டு வந்தர்றேன். மாத்திரையெல்லாம் போதும்."

மாத்திரையை நிறுத்தினால் அம்மா படுக்கையில் விழுந்துவிடுவாள். நடிக்கவில்லை என்று எப்படிக் காட்டுவது — என் சொல்லையா நம்பப்போகிறார்கள்?

12-11

ஹெப்பாளில் எங்கள் சின்னக் கம்பெனி, ஓடும் மோட்டார் எவ்வளவு அதிர்கிறது என்று காட்டும் கருவி செய்கிறது. அதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. இன்று திரையில் அதிர்ந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கையும் இப்படித்தானே?

முதலாளி வெங்கடராமன் சார் அறைவாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவழியாக உள்ளே போய்க் கேட்டேன்.

"மோட்டாருக்கு மாட்டறதை அம்மாவுக்கா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். இழுப்பறையிலிருந்து ஒரு சென்சாரை எடுத்து நீட்டினார். "உடைச்சா இன்னொண்ணு வர ஆறு மாசம். பத்திரமா வெச்சுக்கோம்மா."

26-11

கட்டியாகிவிட்டது! பழைய வாட்சின் தோல் பட்டையில் தீப்பெட்டி அளவுக்கு சென்சார். வயர் ரவிக்கைக் கைக்குள் ஓடி, இடுப்புச் சுருக்குப்பையில் இருக்கும் பெட்டிக்குப் போகிறது. கையின் ஆட்டமெல்லாம் நாள் முழுக்க அதில் பதியும். மறுநாள் கம்பெனி கம்ப்யூட்டரில் கோடாக எடுக்கலாம்.

அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாட்டுக்கு மணி கட்டுவாங்க. எனக்கு இதாக்கும்?"

1-12

காலையில் வெகுநேரம் கோடு ஆடாமல் படுத்திருக்கிறது. மத்தியானமும் நடுநடுவே அப்படித்தான். நடுக்கமே இல்லை. அண்ணன் சொன்னது சரிதானா? சீ, என்ன நினைப்பு இது.

2-12

காலையில் சமையலறைக்குப் போனால், கருவி சுவரில் ஆணியில் தொங்குகிறது!

"தோலைக் கட்டிக்கிட்டு யாராச்சும் சாமி விளக்கைத் தொடுவாங்களா? உலை வெப்பாங்களா?" என்று அம்மா என்னையே அதட்டினாள்.

ஒரு வாரமாக நான் பதிவெடுத்தது ஆணியின் கையை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழைய மஞ்சள் ரவிக்கைத் துணியில் புதுப் பட்டை தைத்தேன். அம்மாவே அதற்குக் குங்குமம் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

14-12

இப்போதுதான் நிஜமான கோடு. காலை மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்குகிறது. மத்தியான மாத்திரைக்கு அடங்கவே இல்லை. தினமும் இதேதான். அம்மா சொன்னதெல்லாம் உண்மை. ஒரு கணம் சந்தேகப்பட்டேனே.

18-12

டாக்டரிடம் போனோம். மறுபடியும் பட்டு, மறுபடியும் பஸ்ஸில் மாத்திரை. "சென்னாகிதே" என்று அவர் அடுத்தவரைக் கூப்பிட மணியில் கை வைத்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" — என் குரல்தானா அது? காகிதத்தை அவர் மேஜையில் விரித்தேன். அது நீண்டு தரையில் விழுந்தது. "இது காலைல மாத்திரை போட்டு இங்க வர்ற அம்மா. இது மத்தியானம் வீட்டுல இருக்கற அம்மா."

குனிந்து பார்த்தார். மணியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "மத்தியானம் மாத்திரையை எப்பம்மா போடறீங்க?"

"வயிறு நெறையச் சாப்பிட்டுத்தானுங்க. வெறும் வயித்துல போடலாமுங்களா? இப்ப அவரை சீசனுங்க, தினமும் அவரைப்பருப்புக் கொழம்பு."

"அதான் விஷயம்! பருப்பு மாத்திரையை வேலை செய்ய விடாதும்மா. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுடுங்க." பழைய அளவையே திரும்ப எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "நான் குறைச்சது தப்பு. இதை நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

சொல்லியிருக்கலாம்.

19-12

டாக்டர் அவரையை நிறுத்தச் சொல்லவில்லை, ராத்திரி சாப்பிடலாம் என்று நான் இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு உயிர் வந்தது.

4-1-1998, ஞாயிறு

தை பிறக்கும் முன்பே அண்ணன் வந்துவிட்டான், அம்மாவைக் கூட்டிப்போக. மத்தியானம் அம்மா டீயை ஆற்றித் தானே கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் இரண்டு காகிதங்களையும் விரித்தேன். போன மாதக் கோடு முள்வேலி. இந்த வாரக் கோட்டில் அவள் அரிசி களைந்தது தெரிகிறது, துணி அலசியது தெரிகிறது, நடுக்கம் மட்டும் இல்லை. ஆணியில் தொங்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அண்ணன் காகிதத்தின் நுனியைப் பிடித்து, கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனான்.

"நாடகம் முடிஞ்சுதுடா. டீ ஆறுது, குடி," என்றாள் அம்மா.

தனியாகத்தான் பஸ் ஏறினான். போகும்போது என்னிடம், "மாத்திரை தீர்றதுக்கு முன்னால சொல்லு புள்ள, நான் வாங்கியாறேன்" என்றான்.

11-1, ஞாயிறு

டாக்டர் தன் நோயாளிகளுக்கு இன்னும் இரண்டு கருவி கேட்டிருக்கிறார். "நீயே செய்யும்மா. துணிப் பட்டையே இருக்கட்டும்" என்றார் வெங்கடராமன் சார்.

இன்று மத்தியானம், மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து, அலமாரியிலிருந்து சீப்பை எடுத்தேன். டாக்டரிடம் பேசியதை விட இதற்குத்தான் தைரியம் அதிகம் வேண்டியிருந்தது. விழுந்துவிட்டால்? விழுந்தால் எடுத்துக் கொடுக்கலாம்.

அம்மா முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்து, சீப்பைத் தோளுக்கு மேல் நீட்டினேன்.

"தலை பின்னி உடும்மா. முந்தி மாதிரி, புருவம் மேல ஏறுற மாதிரி, இறுக்கி."