காற்றுக்கு முதுகு காட்டியவனுக்கு

நேற்றுக் காலையில் இருமல் மருந்து தீர்ந்த பாட்டிலைக் கழுவிக் கவிழ்க்கப் போனவன், சும்மா இருக்காமல் அதன் வாயில் உதட்டை வைத்து ஊதினேன். ‘பூம்’ என்று ஒரு சத்தம். அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி, “என்னங்க, இங்கன எந்தக் கப்பல் வந்து நிக்கி?” என்று கேட்டாள். துறைமுக ஆபீஸில் கிளார்க்காக இருந்துகொண்டு, வருகிற கப்பலின் சமையல்காரன் சங்கதி வரை விசாரித்து ஊருக்குச் சொல்பவன் நான். இந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது என்று உனக்குத்தான் தெரியும். உன் நினைப்பு வந்து, இன்னொரு தடவை ஊதினேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபத்திரண்டில், நம் மாதா பங்குக் கோயிலில் பேண்டு ஆரம்பித்தபோது நம்மையும் இப்படித்தான் காலிப் பாட்டிலில் ஊத வைத்தார்கள். அதில் ஒப்பேற்றிய பிறகுதான் பைஃப் கைக்கு வந்தது. புல்லாங்குழல் மாதிரி குறுக்கே பிடித்து ஊதும் குட்டிக் குழல். ஆள் சிறிசு, சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். என் குணத்துக்குப் பொருத்தம் என்று நீதான் சொன்னாய். சேர்ந்தவர்களெல்லாம் மீசை அரும்பாத பயல்கள். நம் இருவருக்கும் நாற்பது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் சேர்ந்தது பித்தளைப் பொத்தான் வைத்த சட்டைக்காக. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? உன் காரணம் வேறு. கடலடிப் பாறையில் சங்கு குளிக்கும்போது உன் இடது காதுச் சவ்வு கிழிந்து, இனித் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதன் பிறகு உன் வள்ளத்தில் மற்றவன் சங்குக்கு முங்க, நீ மேலே இருந்து கயிறு பிடித்தாய். “ஏலே கிளார்க்கு, ஊரு முன்னாடி ஒரு தடவ நெஞ்ச நிமித்தி நடக்கணும்லே. அதுக்கு இந்தக் குழாய விட்டா எனக்கு வேற ஒண்ணும் கெடையாது” என்றாய். அன்றைக்கு மட்டும் நான் கேலி பேசவில்லை.

பேண்டு மாஸ்டர் நம்மைவிட இளையவர், பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார். பயல்களை அதட்டுவார், நம்மிடம் குழைவார். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்: “அண்ணாச்சி, திருநாள் கொடியேத்தத்துக்குள்ள சத்தம் வரலைன்னா, ரெண்டு பேரும் மாதா சப்பரத்துக்கு முன்னால பெட்ரோமாக்ஸ் தூக்கிருங்க.”

எனக்குப் பிரச்சினை உதடு. அது மூடவே மூடாது. இத்தனை வருஷம் புறணி பேசியதில் வாய் ஒரு பக்கமாகத் தளர்ந்துபோயிருந்தது. உனக்குப் பிரச்சினை நெஞ்சு. பீப்பாய் அளவு மூச்சு இழுப்பாய். இழுத்துவிட்டு அப்படியே நிற்பாய். முகம் சிவக்கும், கண் பிதுங்கும், குழலுக்குள் ஒரு சொட்டுக் காற்று போகாது.

“வெளிய விடுங்க அண்ணாச்சி!” என்று மாஸ்டர் கத்துவார்.

“விட்டா செத்துப்போவோம்னுல்லா சின்னதுல இருந்தே பழகியிருக்கு” என்பாய், பாவமாக. பயல்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நீ விடுகிற ஆளா? சங்கு சீசன் முடிந்து கரையேற்றியிருந்த உன் வள்ளத்துக்குத் தினமும் ஆபீஸ் விட்டதும் என்னை இழுத்துப் போனாய். மீன் விற்கிற பெண்கள் ஏசினார்கள். “ஏ அண்ணாச்சி, நீங்க ஊதுத ஊத்துல வலைக்குப் பாடு வாராம மீனெல்லாம் இலங்கைக்குப் போவுது!” நீ லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குழலை எடுத்தாய். எனக்கு உதடு வெடித்தது. ஓடிப்போகலாம் என்று தோன்றிய நாளெல்லாம் உண்டு. உன் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஒரு நாள் வெறுத்துப்போய், வள்ளத்தில் கிடந்த கயிற்றை எடுத்து உன் இடுப்பில் கட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்து, “சாடை காட்டுனதும் இழுலே!” என்றாய். குழலை வாயில் வைத்துக்கொண்டு வள்ளத்துக்குள் அடியில் குந்தினாய். கண்ணை மூடினாய். மூச்சைப் பிடித்தாய். பிறகு, கடலடியில் சங்கைப் பொறுக்கிவிட்டு மேலே வரச் சாடை காட்டுவாயே, அப்படிக் கயிற்றை ஒரு வெட்டு வெட்டினாய். நான் இழுத்தேன். நீ எழுந்தாய். தலை தண்ணீருக்கு வெளியே வந்ததும் முங்குகிறவன் நெஞ்சிலிருந்து தன்னால் ஒரு மூச்சு விடுவானே, அது போய்க் குழலில் விழுந்தது.

கடற்கரை நாய்கள் எழுந்து நின்றன.

“அடியில இருக்கேன்னே நெனச்சி ஊதிருக்கேம்லே. இது மேல வந்து விடுத மூச்சு!” என்று என் தோளில் அடித்தாய். இரண்டு நாள் வலித்தது.

நமக்குக் கிடைத்தது ஒரே ஒரு மாதா பாட்டு. அதில் நடுவில் ஒரு இடம் உச்சிக்கு ஏறும். எனக்கு அங்கே காற்றுதான் வரும், சத்தம் வராது. “உச்சிய நான் பாத்துக்கிடுதேன். நீ கீழ நில்லு, நான் எறங்குனதும் சேந்துக்க” என்று பாகம் பிரித்தாய். முங்குகிறவனும் கயிற்றுக்காரனும் போல.

திருநாள் சாயங்காலம் பெட்ரோமாக்ஸை வேறு யாரோ தூக்க, நாம் குழலோடு சப்பரத்துக்கு முன்னால் நடந்தோம். கடற்கரைத் தெருவிலிருந்து மேற்கே திரும்பியதும் ஆடி மாதத்துக் கச்சான் காற்று மண்ணை வாரி மூஞ்சியில் அடித்தது. உதட்டிலிருந்து புறப்படும் காற்று குழலைத் தொடுவதற்குள் பறந்தது. ஒவ்வொரு குழலாகச் செத்தது. டிரம் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை.

நீ சட்டென்று திரும்பினாய். காற்றுக்கு முதுகைக் கொடுத்து, மாதாவைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து ஊதினாய். உன் அகன்ற முதுகு காற்றை மறித்தது. பாட்டு வந்தது. நான் திரும்பினேன். பயல்கள் திரும்பினார்கள். எவன் காலை எவன் மிதித்தானோ, தெரு முடிகிறவரை யாரும் விழவில்லை. உன் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

மறுநாள் ஊர்ப் பெண்கள், “மாதாவுக்கு முதுகு காட்டக் கூடாதுன்னு எம்புட்டு பக்தி பாத்தியளா!” என்று உருகினார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அந்தத் திருப்பத்தில் பேண்டு பின்னோக்கி நடப்பது வழக்கமாகிவிட்டது. நிஜக் காரணம் தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் காத்த ஒரே ரகசியம் அதுதான்.

இந்த வருஷம் ஈஸ்டர் பாஸ்கா முடிந்த வாரத்தில் உன்னைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அதே வழியாகப் போனோம். இலைகூட அசையவில்லை. ஆனாலும் அந்தத் திருப்பத்தில் திரும்பினேன். உன்னைப் பார்த்துக்கொண்டே ஊதினேன். பாட்டு உச்சிக்கு ஏறும் இடத்தில், பழக்கதோஷம், நான் நிறுத்திக்கொண்டு உனக்காகக் காத்திருந்தேன். பயல்களும் எப்போதும் அந்த இடத்தை உன்னிடமே விட்டவர்கள். தெரு முழுக்க அமைதியாக இருந்தது. அவ்வளவு நீளமான அமைதியை நான் கேட்டதில்லை.

மாஸ்டர் அந்த இடத்தை இளசு ஒருவனுக்குக் கொடுக்கலாம் என்றார். விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆபீஸ் விட்டதும் தினமும் உன் வள்ளத்தில் போய் உட்காருகிறேன். அடியில் குந்துகிறேன். கயிறு பிடிக்க ஆளில்லை, நானே எழுந்துகொள்கிறேன். மீன்காரிகள் ஏசுவதை நிறுத்திவிட்டார்கள், அதுதான் பொறுக்க முடியவில்லை.

இன்றைக்கு உச்சி வந்தது. கரகரத்தது, நடுவில் ஒரு தடவை வழுக்கியது. ஆனாலும் வந்தது. ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ கீழே நில்லு. நான் இறங்கியதும் சேர்ந்துகொள்.