மனோரஞ்சிதத்துக்குக் கவ்வாத்து

1982 மே 9
இன்று வீட்டு வளவில் நின்றவர்கள்: மகன் செல்வராசா, மருமகள் வடிவம்மா, என் கொழுந்தன் ஆண்டியப்பன், வேலிக்கு அந்தப் பக்கம் கமலாசனி. நான் மட்டும் அம்மன் கோயிலில். இத்தனை பேர் நின்றும் ஒருத்தர் தடுக்கவில்லை.

ஆண்டியப்பன் வேப்பமரத்தின் கிளையெல்லாம் இறக்கிவிட்டான். அதோடு விட்டானா? அதன் நிழலில் நின்ற மனோரஞ்சிதத்தையும் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற மாதிரி முழங்கால் உயரத்துக்குச் சமமாக வெட்டி வைத்திருக்கிறான்.

மலைத் தோட்டத்தில் அம்மா எங்கள் லயத்து வீட்டு வாசலில் வளர்த்த செடியின் பதியன் இது. எழுபத்தேழு கலவரத்தில் ஓடி வரும்போது ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தேன். லயத்தோடு தாய்ச்செடியும் எரிந்தது. இதுவும் போனால் அம்மாவுடையது என்று ஒன்றும் மிஞ்சாது. இன்னும் ஒரு பூக்கூடப் பூக்கவில்லை.

“வெட்டுனாத்தான் துளிர்க்கும் மதினி. எத்தன மலையில கத்தி புடிச்ச கை இது” என்கிறான். மலையில் வெட்டினால் மறுநாள் மழை. இந்த நெடுங்கேணியில ஐப்பசி வரைக்கும் யாருடா மழை வச்சிருக்கா உனக்கு?

மே 10
அவனுக்கு நான் சோறு போடவில்லை. வடிவம்மா போட்டாள். அதையும் பார்த்துக்கொண்டேன்.

மே 23
மிஞ்சியிருந்த இலைகளும் கருகிவிட்டன. கச்சான் காற்று நெருப்பாக வீசுகிறது. தண்ணீர் ஊற்றினால் மண் குடிக்கிறது, செடி குடிக்கவில்லை.

கமலாசனி வேலியால் எட்டிப் பார்த்தாள். நான் முகம் கொடுக்கவில்லை. செடி நட்ட வருசம், இதன் வாசத்துக்குப் பாம்பு வரும், பிடுங்கச் சொல்லுங்கள் என்று ஊர் விதானையாரிடம் முறையிடப் போனவள். இப்போது சந்தோசமாக இருக்கும்.

மே 31
காய்ச்சல்.

ஜூன் 20
வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து இன்றுதான் வந்தேன். மலேரியாவாம்.

செடிக்கு மேலே தென்னோலைக் கிடுகுப் பந்தல். செல்வராசாவா கட்டினான்? இல்லையாம். கமலாசனி தன் கூரைக்குப் பின்னி வைத்திருந்த கிடுகு. அவள் குளிக்கிற தண்ணீரும் வேலிக்குக் கீழால் அவள் கீறிவிட்ட வாய்க்காலில் இங்கே வருகிறது. அடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை.

பாம்புக்குப் பயமில்லையா என்று கேட்டேன்.

“பயம்தான் மீனம்மாக்கா. ஆனா செடி செத்துக் கிடந்தா நீங்கள் வந்து போடப்போற சத்தத்துக்கு அதைவிடப் பயம்.”

அவள் முன்னால் சிரிக்கவில்லை. குசினிக்குள் வந்துதான் சிரித்தேன்.

நவம்பர் 2
அடிக்கட்டையில் ஒரு துளிர். கமலாசனிக்கு மட்டும் சொன்னேன்.

1984 பெப்ரவரி 19
விடியவே வளவெல்லாம் பலாப்பழ வாசம். மனோரஞ்சிதம். பூ இலையோடு இலையாகப் பச்சையாக ஒளிந்திருக்கும், பழுத்து மஞ்சளானால்தான் கண்ணுக்குத் தெரியும். வேப்பமரமும் திரும்ப நிழல் கட்டிவிட்டது. வடிவம்மாவும் நானும் மூக்கை வைத்துத் தேடினோம். வேலிக்கு அந்தப் பக்கம் சாய்ந்த கிளையில் ஒன்றே ஒன்று.

எட்டினால் பறித்திருக்கலாம். கமலாசனியைக் கூப்பிட்டுப் பறிக்கச் சொன்னேன். நீட்டினாள். வாங்கவில்லை. உன் சேலைப் பெட்டிக்குள் வை, அடுத்தது எனக்கு என்றேன். வேலியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குக் கிடுகை நீக்கச் செல்வராசாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து வாசம் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறான் கொழுந்தன். “பாத்தீங்களா மதினி? அன்னைக்கு நான் வெட்டுனதாலதான் இன்னைக்குப் பூக்குது.”

விதானையாரிடம் போனவளைக்கூட விட்டுவிட்டேன். இவனை மன்னிக்கமாட்டேன். என் கட்டை வேகும்வரை மன்னிக்கமாட்டேன்.

ஆண்டியப்பனாம், ஆண்டியப்பன்.